நாய்க்குச் சான்றிதழ் வாங்கப் போன கதை

ஒரே மாதத்தில் மூன்று பேர் இன்பாக்ஸில் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "நாயை எமோஷனல் சப்போர்ட் அனிமல்னு ரெஜிஸ்டர் பண்ண எந்த வெப்சைட் நல்லது?" மூவருமே இங்கே கலிஃபோர்னியாவில் வாடகை அபார்ட்மெண்டில் இருப்பவர்கள். எமோஷனல் சப்போர்ட் அனிமல் என்றால் மனசு சரியில்லாதவருக்கு ஆறுதலாக, துணையாக இருக்கிற பிராணி; முறைப்படி அப்படி ஒன்று என்றால் வீட்டுக்காரர் அதற்குத் தனிக் கட்டணம் வாங்க முடியாது. தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

எந்த வெப்சைட்டும் நல்லதில்லை. அப்படி ஒரு பதிவேடே இந்த நாட்டில் கிடையாது. மத்திய அரசிடமும் இல்லை, மாநில அரசிடமும் இல்லை. கழுகுப் படம் போட்டு, நட்சத்திரம் போட்டு, 'நேஷனல்' என்று பெயரும் வைத்துக்கொண்டு சில தளங்கள் நடத்துவது அவர்களாகவே திறந்து வைத்திருக்கிற ஒரு பட்டியல். நம் நாயின் பெயரை அதில் ஏற்றிவிட்டு, பிளாஸ்டிக் அட்டை, சிவப்பு அங்கி, ஃப்ரேம் போட்ட சான்றிதழ் என்று ஒரு பொட்டலம் அனுப்புவார்கள். அந்தச் சான்றிதழை எந்த வீட்டு உரிமையாளரும் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நாய்க்கு நிஜமாகவே செய்ய வேண்டிய பதிவு ஒன்று உண்டு: ரேபிஸ் ஊசி போட்டு, கவுண்டியிலோ நகரத்திலோ வாங்குகிற டாக் லைசென்ஸ். அதை வாங்காமலே சுற்றுகிற பலர் இந்தச் சிவப்பு அங்கிக்கு மட்டும் காசு கட்டுகிறார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், பணம் கட்டும் பொத்தான் வரை போய்விட்டுத் திரும்பியவன் நான்.

2023இல் வேலை போனது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அந்த 60 நாள் கணக்கை விளக்க வேண்டியதில்லை: அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். 51ஆம் நாள் வேறு வேலை கிடைத்தது, சம்பளம் குறைவு. தோட்டம் வைத்த வாடகை வீட்டை விட்டுவிட்டு இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்டுக்கு வந்தோம். எங்களோடு முத்துவும் வந்தான். ஷெல்டரிலிருந்து எடுத்த நாய், பாதி லேப்ரடார், மீதி என்னவென்று அவனுக்கே தெரியாது.

குத்தகைத் தாளில் கையெழுத்துப் போடும்போதுதான் பார்த்தேன். நாய்க்கு டெபாசிட் 500 டாலர். அது போக மாதம் 75 டாலர் பெட் ரென்ட். பாளையங்கோட்டையிலிருந்து அம்மா போனில் கேட்டாள், "நாய்க்கு வாடகையா? அது என்ன வேலைக்கா போகுது?" சிரித்தேன். ஆனால் அம்மாவின் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. நாய் கதவைப் பிறாண்டினால், கார்ப்பெட்டை நாசம் செய்தால் அதற்கு டெபாசிட் இருக்கிறது. அப்படியானால் மாதாமாதம் வாங்கும் 75 எதற்கு? முத்து லிஃப்டில் ஏறுவதற்கா? எங்கள் மேல்தளத்தில் ட்ரெட்மில் வைத்து ராத்திரி 11 மணிக்கு ஓடுகிற மனிதருக்கு இப்படி எந்தக் கட்டணமும் கிடையாது. இந்த அநியாயத்தில் ஊறித்தான் இந்தப் போலிச் சான்றிதழ் வியாபாரம் செழிக்கிறது என்பது என் கட்சி. வருஷத்துக்கு 900 டாலர் மிச்சம் என்றால் ஒரு சான்றிதழுக்கு 79 டாலர் கட்ட யாருக்கும் கை வரும்.

எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் லிங்க் போட்டார். "5 நிமிஷம் ஜி. எல்லாரும் பண்றாங்க." ஒரு ராத்திரி, தூக்கம் வராத ஒரு மணிக்கு, அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

முதலில் நாயின் பெயர், படம். அப்புறம் பன்னிரண்டு கேள்விகள். சரியாகத் தூங்குகிறீர்களா? முன்பு பிடித்த விஷயங்களில் ஆர்வம் குறைந்திருக்கிறதா? காரணம் இல்லாமல் நெஞ்சு படபடக்கிறதா? ஆட்கள் கூடும் இடத்தைத் தவிர்க்கிறீர்களா? சான்றிதழ் கிடைக்க வேண்டுமே என்று 'ஆமாம்', 'ஆமாம்' என்று தட்டிக்கொண்டே போனேன். எட்டாவது கேள்வியில் கை நின்றுவிட்டது. அதுவரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேலை கிடைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்கப்புறமும் மேனேஜரிடமிருந்து காலெண்டர் அழைப்பு வந்தால் கை வியர்த்தது. பொங்கல் விழாவுக்குப் போகவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு முத்துவை இழுத்துக்கொண்டு வாக்கிங் போனதை 'அவனுக்கு வயிறு சரியில்லை' என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

பன்னிரண்டையும் முடித்தேன். திரையில் காகிதப் பூ மாதிரி வண்ணத் துணுக்குகள் பறந்தன. 'வாழ்த்துகள், நீங்கள் தகுதி பெற்றுவிட்டீர்கள்!' ஒரு மனிதனுக்கு மனசு சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டு வாழ்த்துச் சொல்கிற ஒரே தொழில் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும். மூடிவிட்டுப் படுத்தேன்.

மறுநாளிலிருந்து சட்டத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். எஞ்சினியர் புத்தி. கண்டுபிடித்ததைச் சொல்கிறேன்.

வீட்டு விஷயத்தில் கை கொடுப்பது 1968இன் ஃபேர் ஹவுசிங் சட்டம். அதில் ஊனமுற்றோருக்கான பாதுகாப்பு சேர்ந்தது 1988இல்தான். அன்றாட வாழ்க்கையின் முக்கியமான செயல் ஒன்றைக் கணிசமாக முடக்குகிற உடல் நோயோ மன நோயோ ஒருவருக்கு இருந்து, அந்த நிலைமைக்கு அந்தப் பிராணி துணை என்றால், 'நாய் வைக்கக் கூடாது' என்ற விதியை வீட்டுக்காரர் அவருக்காகத் தளர்த்த வேண்டும். பெட் ரென்ட், பெட் டெபாசிட் எதுவும் கேட்கக் கூடாது. நாய் எதையாவது உடைத்தால் அந்தச் செலவை வாங்கிக்கொள்ளலாம். ஆபத்தான நாயை மறுக்கலாம். உரிமையாளரே குடியிருக்கும் நாலு வீட்டுக்கு மேற்படாத சின்னக் கட்டடங்களுக்கு இந்த மத்தியச் சட்டத்தில் விலக்கும் இருக்கிறது.

வெளியே தெரியாத நோய் என்றால் வீட்டுக்காரர் ஆதாரம் கேட்கலாம். அதற்குத்தான் டாக்டரோ கவுன்சலரோ எழுதித் தருகிற அந்தப் பிரசித்தி பெற்ற கடிதம். என்ன நோய் என்று விவரம் கேட்க அவருக்கு உரிமை இல்லை, மருத்துவக் கோப்பைக் கேட்கவும் முடியாது. 2020 ஜனவரியில் மத்திய வீட்டுவசதித் துறை வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் காசு கட்டுகிற எவருக்கும் சான்றிதழ் தருகிற தளங்களின் காகிதம் மட்டும் போதுமான ஆதாரம் ஆகாது என்று எழுதியிருந்தார்கள்.

கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போனது. ஏ.பி. 468 என்ற சட்டம் 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. எமோஷனல் சப்போர்ட் நாய்க்குக் கடிதம் எழுதுகிறவர் இந்த மாநிலத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், அந்த லைசென்ஸ் எண் கடிதத்திலேயே இருக்க வேண்டும், நம்மை முறையாகப் பரிசோதித்திருக்க வேண்டும், கடிதத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பிருந்தே நமக்குச் சிகிச்சை தருபவராக இருக்க வேண்டும். அங்கி, அட்டை விற்கிறவர்கள்கூட 'இதனால் உங்கள் நாய் சர்வீஸ் டாக் ஆகிவிடாது' என்று எழுத்தில் சொல்லித்தான் விற்க வேண்டும். வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது தப்பில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுவதுதான் தப்பு.

சர்வீஸ் டாக் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் ஆட்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். சர்வீஸ் டாக் என்பது ஒருவரின் ஊனத்துக்கு உதவியாகக் குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கப்பட்ட நாய். பார்வையில்லாதவரை நடத்திக் கூட்டிப் போகும். வலிப்பு வந்தால் காவல் நிற்கும். போரிலிருந்து திரும்பிய வீரரைக் கெட்ட கனவிலிருந்து எழுப்பும். ஊனமுற்றோர் உரிமைக்கான மத்தியச் சட்டப்படி (ஏ.டி.ஏ.) அதற்குக் கடையிலும் ஓட்டலிலும் நுழைய உரிமை உண்டு. அந்த நாய்க்கும் பதிவோ அட்டையோ தேவையில்லை. கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: ஊனம் காரணமாகத்தான் இந்த நாய் தேவைப்படுகிறதா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள். 'பக்கத்தில் இருந்தால் ஆறுதல்' என்பது அந்தச் சட்டத்தின் கண்ணில் வேலை ஆகாது. ஆகவே கடிதம் முறையாகவே வாங்கியிருந்தாலும் முத்துவை மளிகைக் கடைக்குள் கூட்டிப் போகும் உரிமை எனக்கு வந்துவிடாது.

என்னோடு வேலை பார்க்கிறவர் ஒருவருக்குப் பார்வை கிடையாது. அவருடைய நாய் சான் ரஃபேலில் இருக்கும் கைட் டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட் பள்ளியிலிருந்து வந்தது. அந்தப் பள்ளி 1942இலிருந்து நடக்கிறது, நாயை இலவசமாகவே தருகிறார்கள். குட்டியாக இருக்கும்போது யாரோ ஒரு தன்னார்வக் குடும்பம் வளர்த்து, பழக்கி, அழுதுகொண்டே திருப்பிக் கொடுத்த நாய் அது. ஒருநாள் மதியம் ஒரு கஃபேயில், சிவப்பு அங்கி மாட்டிய குட்டி நாய் ஒன்று மேஜைக்கு அடியிலிருந்து பாய்ந்து அதன் காதைக் கவ்விவிட்டது. அந்தக் குட்டி நாயின் சொந்தக்காரி அட்டையைத் தூக்கிக் காட்டினாள், "இவனும் ரெஜிஸ்டர்ட்தான்." நண்பருக்கு அட்டையைப் பார்க்க முடியாதே. அதற்கப்புறம் மூன்று வாரம் அவருடைய நாய் வேறு நாயைப் பார்த்தாலே நடுவழியில் நின்றுவிட்டது. நிற்பது நாய், ஆனால் நடுரோட்டில் மாட்டிக்கொள்வது அவர். கலிஃபோர்னியாவில் போலியாகச் சர்வீஸ் டாக் என்று சொன்னால் ஆறு மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. கஃபேயில் யார் போய் வழக்குப் போடுவது?

விமானத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தக் கதை முடிந்துவிட்டது. ஒரு காலத்தில் கடிதம் இருந்தால் நாயைக் கட்டணமில்லாமல் கேபினில் கூட்டிப் போகலாம். ஆசைக்கு அளவில்லாமல் போனது. 2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒருவர் மயிலோடு வந்து, இதுதான் என் எமோஷனல் சப்போர்ட் என்றார். ஏற்ற மறுத்துவிட்டார்கள். முருகனுக்கே வாகனம்தானே, ஒரு டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கலாம். 2021 ஜனவரி 11 முதல் மத்தியப் போக்குவரத்துத் துறையின் விதி மாறிவிட்டது. எமோஷனல் சப்போர்ட் பிராணியை விமான நிறுவனங்கள் சாதாரணச் செல்லப்பிராணியாகவே நடத்தலாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். வாட்ஸ்அப் குழுவில் நான் இதையெல்லாம் சொன்னபோது ஒருவர் கேட்டார், "அப்ப சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட போகணுமா? அதெல்லாம் ரெகார்டுல ஏறிடுமே. கிரீன் கார்டுக்குப் பிரச்சினை ஆகாதா?" இன்னொருவர், "ஊர்ல தெரிஞ்சா என்ன நினைப்பாங்க" என்றார். இந்த இருவருமே நாய்க்குச் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பவர்கள். அதாவது 'எனக்கு மனநிலை சரியில்லை' என்று முன்பின் தெரியாத வெப்சைட்டில் டிக் அடித்து, கிரெடிட் கார்டு எண்ணும் கொடுத்து, அதை ஃப்ரேம் போட்டு அபார்ட்மெண்ட் ஆபீஸில் நீட்டியிருக்கிறார்கள். அதே வாக்கியத்தை ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து சொல்ல மட்டும் மானம் போகிறது. 75 டாலருக்காகப் பைத்தியம் என்று சொல்லிக்கொள்ளலாம், தூக்கம் வரவில்லை என்பதற்காகச் சொல்லக் கூடாது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அந்த ஆட்களில் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதால் கூடுதலாக வருகிறது.

நான் போனேன். கடிதத்துக்காகத்தான் போனேன், அதை மறைக்க விரும்பவில்லை. இன்ஷூரன்ஸ் பட்டியலில் ஒரு கவுன்சலரைத் தேடிப் பிடிக்கவே ஐந்து வாரம் ஆனது. முதல் நாளே "எனக்கு ஒரு லெட்டர் வேண்டும்" என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "லெட்டரைப் பற்றி அப்புறம் பேசலாம். ராத்திரி மூன்று மணிக்கு வாக்கிங் போகும்போது என்ன யோசிப்பீர்கள்?" என்று கேட்டார். நாற்பத்தைந்து நிமிஷம் எப்படிப் போனது என்று தெரியவில்லை.

நாலு மாதம் போனேன். கடைசியில் கடிதம் தரவில்லை. "முத்து உங்களுக்கு நல்லது. ஆனால் உங்கள் நிலைமையை ஊனம் என்று நான் கையெழுத்துப் போட முடியாது. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், சமைக்கிறீர்கள், தேறிவருகிறீர்கள்" என்றார். எனக்குச் சந்தோஷப்படுவதா, 900 டாலர் போனதே என்று வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும்தான் பட்டேன். பெட் ரென்ட் இப்போது 85 ஆகிவிட்டது. கட்டிக்கொண்டிருக்கிறேன், திட்டிக்கொண்டே.

நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெட்கப்படாமல் கேட்கட்டும், முறையாக எழுதித் தரும் டாக்டர்கள் இருக்கிறார்கள், சட்டமும் கூடவே நிற்கும். 'எல்லாரும் பண்றாங்க' என்கிறவர்களிடம் மட்டும்தான் என் சண்டை.

இன்பாக்ஸில் கேட்ட மூவரில் இரண்டு பேருக்கு இந்தப் பதிவின் லிங்கை அனுப்பிவிடுவேன். மூன்றாமவர் கேட்டது வேறு மாதிரி இருந்தது. வெப்சைட் எது என்று கேட்டுவிட்டு, அதற்குக் கீழே, 'நாய் பக்கத்துல படுத்தாத்தான் கொஞ்சம் கண் அசருது' என்று எழுதியிருந்தார். அவருக்கு நேற்றே என் கவுன்சலரின் ஆபீஸ் நம்பரை அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.