வேலியாக ஓடிய நாயைக் கேட்டில் கட்டாதீர்கள்

ஜெர்மன் ஷெப்பர்ட் வாங்கப்போவதாக யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எதுக்கு?" பெரும்பாலும் "காவலுக்கு" என்றுதான் பதில் வரும். எங்கே கட்டுவீர்கள்? கேட்டுக்குப் பக்கத்தில். அங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

அல்சேஷன் என்று பலரும் சொல்லிப் பழகிய நாய்தான் இது. முதல் உலகப் போரை ஒட்டி ஜெர்மனி என்ற பெயரே கசந்துபோனதால் பிரிட்டனில் அப்படி மாற்றினார்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அங்குள்ள கென்னல் கிளப் ஜெர்மன் ஷெப்பர்ட் என்ற பெயருக்குத் திரும்பியது 1977-ல். ஷெப்பர்ட் என்றால் ஆட்டிடையர். நாம் என்னவோ வாட்ச்மேன் என்று படித்துவிட்டோம்.

ஜெர்மனியில் வேலி இல்லாத விளைநிலங்களுக்கு நடுவே ஆடுகளை மேய விடுவார்கள். இந்த நாய் பயிரின் ஓரமாகவே நாள் முழுக்கப் போவதும் வருவதுமாக இருக்கும். எல்லை தாண்டிப் பயிரில் வாய் வைக்க வரும் ஆட்டை மந்தைக்குள் திருப்பித் தள்ளும். நாயேதான் வேலி. 1899-ல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஒரு கண்காட்சியில் இப்படிப்பட்ட நாய் ஒன்றைப் பார்த்து, அங்கேயே விலை பேசி வாங்கி, ஹோராண்ட் என்று பெயர் வைத்தார். இந்த இனத்தில் முதலாவதாகப் பதிவானது அதுதான். அழகைவிட அவருக்கு வேலைதான் முக்கியம். முதுகு சரிந்து பின்னங்கால் தரையில் இழுபடுவதுபோல் நிற்கும் இன்றைய சில கண்காட்சி நாய்களை அவர் பார்த்தால் என்ன சொல்வாரோ!

எங்கள் மீரா ஆட்டைப் பக்கத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ராத்திரியானால் அறை அறையாகப் போய் ஒவ்வொருவரையும் முகர்ந்துவிட்டு, எல்லா அறையும் கண்ணில் படுகிற மாதிரி நடைவாசலில்தான் படுப்பாள். பிள்ளைகள் ஓடினால் குறுக்கே புகுந்து, குதிகாலில் பல்லை லேசாக வைப்பாள். "கடிக்க வருது" என்று வந்தவர்கள் அலறுவார்கள். அவள் கணக்கில் அது மந்தையை விட்டு ஓடும் ஆடு. அடித்துத் திருத்தப் பார்க்காமல், ஓடும்போது பந்தைக் கொடுத்து வாயை வேறு பக்கம் திருப்பிப் பழக்கினோம்.

இந்த மூளையை ஆறடிச் சங்கிலியில் கட்டினால் என்ன ஆகும்? போகிற வருகிறவரையெல்லாம் குரைக்கும், குழி தோண்டும், தன் வாலையே துரத்திச் சுற்றும். அப்புறம் "குணம் கெட்ட நாய்" என்ற பட்டம் வேறு. நடை மட்டும் போதாது, யோசிக்க வேலை வேண்டும். மீராவுக்குச் சாவிக்கொத்தை ஒளித்து வைப்போம். சோபாவுக்கு அடியில் மூக்கை நுழைத்து அதை இழுத்து வந்தபின் தூங்குவாள் பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடினாலும் அந்தத் தூக்கம் வராது.

முடியைப் பற்றிக் கேட்காதீர்கள். வருடத்தில் இரண்டு முறை கொத்துக் கொத்தாகக் கொட்டும், மற்ற நாட்களில் சும்மா கொட்டும். தினமும் சீவுங்கள். வெயில் என்று மொட்டையடித்துவிடாதீர்கள். அந்த இரட்டை ரோமம்தான் வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது.

ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரை வரும். அந்த எடையைத் தாங்கவேண்டிய இடுப்பு மூட்டுதான் இந்த இனத்தின் பலவீனம். வாங்கும்போது தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். குட்டி கொழுகொழுவென்று இருந்தால் பெருமைப்படாதீர்கள்.

இன்னொன்று, வயிறு. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். மீராவுக்கு அது வந்தது ஒரு நள்ளிரவில். உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் அறுவை சிகிச்சையில் பிழைத்தாள். மூன்றாம் நாள் வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வந்தவளுக்குப் படுக்கை விரித்து வைத்திருந்தோம். அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தள்ளாடிக்கொண்டே ஒவ்வோர் அறையாகப் போய் எங்களை எண்ணிவிட்டு, நடைவாசலில் போய்ப் படுத்தாள்.