தடுப்புச்சுவர் யார் பெயரில்?
தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; வாரியம் நினைத்தால் யார் நிலத்தையும் எடுத்துக்கொள்ளும் என்கிற மாதிரி அது போகிறது. அப்படியில்லை. வாரியத்துக்கான 1961 சட்டப்படி அது நிலம் வாங்கலாம், விற்கலாம், குத்தகைக்கு விடலாம். சொந்தக்காரர் மறுத்தால், நில எடுப்புச் சட்டத்தின்படி எடுத்துக் கொடுப்பது அரசுதான்.

குன்னூர்க்காரனான எனக்கு உறுத்துவது வேறு. வாரியம் வீடு ஒதுக்கித் தந்த ஆணையைப் பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, வீடு சொந்தமாகிவிட்டது என்று இருப்பவர்கள் உண்டு. தவணை முழுக்கக் கட்டி, கிரயப் பத்திரம் பதிவாகும்வரை அது வாரியத்தின் சொத்து. சரி, பத்திரமும் ஆகிவிட்டது. மலைச்சரிவில் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற தடுப்புச்சுவர்? ஐப்பசி மழையில் நீர் வடியும் துளைகளை மண் அடைத்து, சுவர் வயிறு தள்ளினால் யார் செலவு? பத்திரத்திலும் வரைபடத்திலும் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.