அன்ஃபர்கிவன் படத்துக்கு விசிலடித்தவர்களுக்கு

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த கௌபாய் படம் அன்ஃபர்கிவன். ஞாயிற்றுக்கிழமை அதன் திரையிடலில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ரெண்டு நாள் எதுவும் எழுதாமல்தான் இருந்தேன். நேற்று அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டி, அடியில் தவில் அதிர ஒரு இசையைச் சேர்த்து, "கெத்துடா கிழவன்" என்று போட்டு, என்னையும் டேக் செய்திருந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அது கைதட்டுவதற்கான காட்சி இல்லை. அன்றும் இதைத்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள்.

ஈஸ்ட்வுட் நடித்த வில்லியம் மன்னி, ஒரு காலத்துக் கொலைகாரன், அந்த மதுக்கடைக்குள் வந்து முதலில் யாரைச் சுடுகிறான்? கையில் ஆயுதமே இல்லாத கடைக்காரனை. பிறகு யாரை? ஏற்கெனவே குண்டடிபட்டுத் தரையில் கிடக்கும் ஷெரீஃபை. வீடு கட்டிக்கொண்டிருந்தேனே, இப்படிச் சாக நான் என்ன செய்தேன் என்கிறான் அவன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டுச் சுடுகிறான் மன்னி. பிறகு வாசலில் நின்று, என்னை யாராவது சுட்டால் அவன் பெண்டாட்டியையும் கொல்வேன், வீட்டையும் கொளுத்துவேன் என்று கத்துகிறான். செத்துப்போன அவன் மனைவி அவனைக் குடியிலிருந்தும் கொலையிலிருந்தும் மீட்டு ஒரு மனுஷனாக்கி வைத்திருந்தாள். அன்று மாலை அவன் மறுபடியும் விஸ்கி பாட்டிலை வாயில் வைக்கும்போதே அவள் செய்ததெல்லாம் போய்விட்டது. நம் அரங்கில் அந்த இடத்திலும் ஒருவர் விசிலடித்தார்.

படத்தின் நடுவில் டேவி என்ற சின்னப் பையன் சாகிறானே, அதற்கு ஏன் யாரும் கைதட்டவில்லை? ஒரு பெண்ணின் முகத்தைக் கத்தியால் கிழித்ததற்குப் பழியாகத்தான் அவனைக் கொல்ல வருகிறார்கள். ஆனால் கிழித்தவன் அவன் இல்லை. அவளுக்கென்று நல்ல குதிரை ஒன்றைக் கொண்டுவந்து நின்றவன். பழைய கூட்டாளி நெட்டால் துப்பாக்கியை இழுக்க முடியவில்லை, மன்னி வாங்கிச் சுடுகிறான். வயிற்றில் குண்டு. பாறைக்குப் பின்னால் கிடந்து தண்ணீர் கேட்கிறான் பையன். அவனுக்குத் தண்ணி கொடுங்கடா, சுட மாட்டோம் என்று சுட்டவனே கத்துகிறான். அப்போது அரங்கில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில் நாம் எல்லோரும் சரியாகத்தான் இருந்தோம். அரை மணி நேரத்தில் எப்படி மறந்தோம்?

இதைச் சொன்னால் தனிப்பட்ட கதை என்பீர்கள். இருக்கட்டும். கோவில்பட்டியில் எங்கள் தெருமுனையில் ஒரு அண்ணாச்சி சைக்கிள் கடை வைத்திருந்தார். வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டுப் பாளையங்கோட்டை ஜெயிலில் பல வருஷம் இருந்து வந்தவர். எங்களுக்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயது. சிவகாசியிலிருந்து வரும் கௌபாய் காமிக்ஸை ஒன்று விடாமல் படித்துவிட்டு, கொலை செய்த ஆளே பக்கத்தில் இருக்கிறார் என்று பூரித்துத் திரிந்தோம். ஒருநாள் கூட்டமாகப் போய், "எப்படி வெட்டுனீங்க அண்ணாச்சி?" என்று கேட்டோம். பஞ்சர் பார்க்க டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவே இல்லை. "தண்ணி கேட்டாம்ல. நான் குடுக்கல" என்றார். அவ்வளவுதான். அப்புறம் எங்களுக்கு வாடகை சைக்கிள் தரவே இல்லை.

பல வருஷம் கழித்து டேவி தண்ணீர் கேட்ட காட்சியில் நான் படத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். அந்தப் படத்துக்குத்தான் நீங்கள் விசிலடித்தீர்கள். கோபம் வராமல் என்ன வரும்?

"படம்தானே சார், ரொம்ப யோசிக்காதீங்க" என்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். இவர்களுக்குப் பதில் இல்லை. யோசிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே கூடுகிறோம் என்று நினைத்திருந்தேன்.

"டாலர் படங்களுக்கு நீயும் கைதட்டினாயே" என்பது நியாயமான கேள்வி. தட்டினேன். 1964-லிருந்து 1966 வரை ஈஸ்ட்வுட் நடித்து வந்த அந்த மூன்று கௌபாய் படங்களிலும் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே காட்டும் உலகத்தில் சாகிறவனுக்கு வீடு கிடையாது, அம்மா கிடையாது. ஈஸ்ட்வுட்டுக்கு அப்போது முப்பத்தைந்து வயதைச் சுற்றி. 1992-இல் அறுபத்திரண்டு. இதே மனிதர்தான் இந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு வயதாகட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தார். எடுத்து முடித்து, தன்னை இயக்கிய லியோனேவுக்கும் டான் சீகலுக்கும் சமர்ப்பணம் செய்தார். தன்னை வளர்த்த படங்களில் செத்து விழுந்தவர்களை எல்லாம் அவர் திரும்பிப் பார்த்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

"மழை, இடி, இருட்டு என்று இயக்குநரே அதை மாஸாகத்தானே எடுத்திருக்கிறார்?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் அந்த நொடியில் உடம்பு சிலிர்த்தது. ஆனால் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும், பிணங்களுக்கு நடுவில், துப்பாக்கி வீரர்களைப் பற்றிக் கதை எழுதும் பியூஷாம்ப் எழுந்து, முதலில் யாரைச் சுட்டீர்கள், அடுத்தது யார் என்று ஆர்வமாகக் கேட்கிறானே? கொலையை ரசிக்கும் நம்மைப் போலவே ஒரு ஆளை இயக்குநர் படத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார். அவனைப் பார்த்தாவது கை கீழே இறங்கியிருக்க வேண்டாமா?

மேடையில் பேசியவர் கௌபாய் படத்தில் ஆன்டி ஹீரோவை, அதாவது நல்லவன் என்று சொல்ல முடியாத நாயகனை, கொண்டுவந்ததே இத்தாலிக்காரர்கள்தான் என்றார். இல்லை. 1956-லேயே ஜான் ஃபோர்டு, ஜான் வெய்னை வைத்து தி சர்ச்சர்ஸ் எடுத்துவிட்டார். ஈதன் என்ற அந்த நாயகன், செத்துக் கிடக்கும் ஒரு கொமாஞ்சி செவ்விந்தியனின் கண்களைச் சுடுகிறான், அவன் ஆவிகூட அலையட்டும் என்று. கொமாஞ்சிகள் தூக்கிக்கொண்டுபோன சகோதரன் மகளை வருஷக்கணக்கில் தேடுகிறான். அவர்களோடு வளர்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவளையே கொல்லத் துணிகிறான். கடைசியில் கொல்லாமல் கையில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறான். எல்லோரும் உள்ளே போக, அவன் மட்டும் வெளியே நிற்க, கதவு சாத்தப்படுகிறது. ஆன்டி ஹீரோ என்றால் எனக்கு அந்தக் கதவுதான். இப்போது அந்த வார்த்தைக்குச் சட்டத்தை மதிக்காத ஹீரோ என்று அர்த்தமாகிவிட்டது. போஸ்டர் ஒட்டுகிறோம், டீ ஷர்ட் போடுகிறோம்.

என்னைச் சுட்டது மைக்கை வாங்கியது மட்டும் இல்லை. பதினெட்டு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படம் பார்க்கும் நண்பர் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். வெளியே டீக்கடையில், "எப்பவும் மூடைக் கெடுத்துடற" என்றார். இந்தப் படத்தை எனக்கு முதலில் கொடுத்தது அவர்தான். சிடியின் மேல் பால்பாயின்ட் பேனாவில், தனியாகப் பார் என்று எழுதிக் கொடுத்தார். அது உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று அன்று கேட்க வாய் வரவில்லை. இங்கே கேட்கிறேன்.

அடுத்த மாதம் தி சர்ச்சர்ஸ் போடுகிறார்களாம். வருவேன். அந்தக் கதவு சாத்தும் காட்சி முடிந்து விளக்கு போட்டதும் எனக்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள். நடுவில் மைக்கை வாங்காதீர்கள்.