நோபிலி கட்டியது இல்லைங்க

"கீழவெளி வீதி மாதா பேராலயம் 1606-ல் ராபர்ட் தே நோபிலி கட்டியது, 400 வருஷக் கட்டடம்" என்று மேலே போட்டிருக்கும் அண்ணனுக்கு: சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த இத்தாலியக் குரு நோபிலி மதுரைக்கு வந்தது 1606-ல்தான், அது சரி. இந்தக் கட்டடத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை.

தெருவின் பெயரே சாட்சி. வெளி வீதி என்றால் கோட்டைக்கு வெளியே. நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரும் அகழியும் 1840-களை ஒட்டித்தான், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், இடிபட்டுத் தூர்ந்தன. அவர் நினைவாக வைத்ததுதான் நம்ம விளக்குத்தூண். வெளி வீதிகள் அதற்குப் பிறகு உருவானவை.

சேசு சபையே 1773-ல் கலைக்கப்பட்டு, 1830-களின் கடைசியில்தான் பிரெஞ்சுக் குருக்கள் மதுரைப் பணியை மறுபடி தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கார்னியர் அடிகளார் காலத்தில் எழுந்தது ஒரு சின்னக் கோயில். இப்போது நிற்கும் இரட்டைக் கோபுரக் கட்டடம் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தது. மதுரை மறைமாவட்டம் ஆனதே 1938-ல். பேராலயம் என்றால் மறைமாவட்ட ஆயரின் தலைமைக் கோயில்; அதனால் அதற்கு முன் இது "பேராலயம்" ஆகியிருக்க முடியாது.

வயதைக் கூட்டிச் சொன்னால்தான் பெருமை என்றில்லை. ஒருநாள் காலையில் உள்ளே போய் உட்காருங்க. வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கித் தரையில் சிவப்பும் நீலமுமாகக் கிடக்கும். பதிவில் வருஷத்தை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.