சக்கரத்தைப் பிடித்திருக்கிற சாமானை இப்படியா விற்பீர்கள்?

"அண்ணே, ஒரிஜினல் வேணுமா, கம்பெனி போதுமா, இல்ல லோக்கலே தரவா?"

பால் ஜாயிண்ட் கேட்டு எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் நின்றாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். எந்த வருட மாடல் என்று கேட்பதில்லை. ஃபோர் வீல் டிரைவா, டூ வீல் டிரைவா என்று கேட்பதில்லை. மேல் ஜாயிண்டா கீழ் ஜாயிண்டா என்பதையே நாமாகச் சொன்னால்தான் உண்டு. கையில் எவ்வளவு காசு இருக்கிறது, அதைச் சொல், அதற்குத் தகுந்ததை எடுத்துப் போடுகிறேன் என்பதுதான் கணக்கு. சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கிற ஒரு சாமானை விற்கிற லட்சணம் இது. வயிறு எரிகிறது.

என்னிடம் இருப்பது மஹிந்திரா தார், 2020க்கு முந்தைய சிஆர்டிஇ டீசல். முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக அசைகிற இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொடுக்கிற டார்ஷன் பார் கம்பி. 2020இல் வந்த புதுத் தாருக்குக் காயில் ஸ்பிரிங். பெயர் ஒன்று, வண்டி அடியோடு வேறு. இதைக்கூட வாங்க வந்த நான்தான் கவுண்டரில் நின்று விளக்க வேண்டியிருக்கிறது. "ஒண்ணும் பிரச்சனை இல்லண்ணே, மாட்டிப் பாருங்க, சேரலைன்னா மாத்திக்கலாம்" என்கிறார்கள். மாட்டிப் பார்ப்பதற்கு இது என்ன செருப்பா? டேப்பரில், அதாவது கூம்புத் துளையில், ஒருமுறை உட்கார்ந்த ஜாயிண்டைத் திரும்பப் பிடுங்கினால் அதை மூடியிருக்கும் ரப்பர் உறை, பூட் என்பார்கள், பெரும்பாலும் கிழிந்துதான் வரும். கிழிந்த பூட்டோடு கொண்டுபோனால் அதே வாய், "இதை எப்படிண்ணே திருப்பி எடுக்குறது?" என்று கேட்கும்.

போடிநாயக்கனூரில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு இல்லை. போடிமெட்டுக்கு ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவு. அதைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குள் இறங்கினால் தார் ரோடும் கிடையாது. கல், சேறு, ஓடைத்தண்ணீர், மறுபடியும் கல். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் கிளம்பும் ஜீப்புகளில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். நெருக்கி அடித்து உட்கார்ந்து போகிறார்கள். அந்த வண்டிகளில் எதற்கு இந்த ஜாயிண்ட் மாற்றினாலும் நான் நிற்கிற இதே கவுண்டரில் வாங்கியதுதான் மாட்டப்படும். இதை நினைத்துப் பார்த்தபிறகும் ஒருவருக்கு "லோக்கலே தரவா" என்று கேட்க எப்படி நாக்கு வருகிறது?

பால் ஜாயிண்ட் என்பது பெரிய ராக்கெட் சமாச்சாரம் எல்லாம் இல்லை. உருண்டைத் தலை வைத்த ஓர் எஃகுத் தண்டு, அதைக் கவ்வியிருக்கும் ஒரு கிண்ணம், நடுவில் கிரீஸ், மேலே ரப்பர் பூட். அவ்வளவுதான். ஆனால் அது தேய்ந்து, கிண்ணத்தின் வாய் அகன்று, உருண்டை வெளியே வந்துவிட்டால் சக்கரம் அப்படியே மடங்கிப் படுத்துவிடும். அதன்பிறகு ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்பியும் பிரயோஜனம் இல்லை. பிரேக் போனால் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து எப்படியோ சமாளிக்கலாம். இதற்கு அப்படி எந்த மாற்று ஏற்பாடும் கிடையாது. முன் சக்கரம் இரண்டையும் ஒரே அச்சு இணைக்கிற பழைய மஹிந்திரா எம்எம் 540, மாருதி ஜிப்ஸி வண்டிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவற்றில் சக்கரம் திரும்புவது பால் ஜாயிண்டில் இல்லை, கிங்பின் என்கிற முளையில். இந்தத் தலைவலியே இல்லை.

சரி, நல்லதாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று உட்கார்ந்தால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எனக்குத் தெரிய வேண்டியது நாலைந்து விஷயம்தான். உருண்டை உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தில் உள்ளே பிளாஸ்டிக்கா, உலோகமா? கிரீஸ் ஏற்றுகிற மூக்கு, அதாவது நிப்பிள் உண்டா, இல்லை ஆயுசுக்கும் மூடி சீல் செய்ததா? பூட் எந்த ரப்பர்? பாக்கெட் ஆன தேதி என்ன? சேற்றிலும் ஓடையிலும் இறங்குகிற வண்டிக்கு கிரீஸ் நிப்பிள் இருந்தால் தண்ணீர் புகுந்த பிறகு புது கிரீஸ் ஏற்றி அழுக்கை வெளியே தள்ளலாம். டவுனுக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு சீல் செய்ததே போதும். உராய்வு குறைவு, ஸ்டீரிங்கும் லேசாக இருக்கும். இரண்டுக்கும் அதனதன் நியாயம் இருக்கிறது. ஆனால் பெட்டியில் இதில் ஒரு வரிகூட இருக்காது. "ஹெவி டியூட்டி" என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். எதைவிட ஹெவி, யார் சோதித்தது, எவ்வளவு எடைக்கு? பதில் கிடையாது.

ஒருமுறை ஒரு கடையில் விடாப்பிடியாக நின்று, ஒரே பெயர் போட்ட இரண்டு பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். ஒன்றில் பூட் தடியாக, அடியில் கம்பி வளையம் சீராக உட்கார்ந்து இருந்தது. தண்டை விரலால் அசைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கமாக நகர்ந்தது. இன்னொன்றில் பூட் பலூன் மாதிரி மெலிசு. தண்டு ஒரு பக்கம் லொடக்கென்று சாய்ந்தது, மறுபக்கம் சிக்கி நின்றது. நட்டு கழன்றுவிடாமல் ஸ்பிளிட் பின் போடுகிற ஓட்டை தண்டின் நடுவில் இல்லாமல் ஓரமாகத் துளைத்திருந்தது. வார்ப்பில் போட்ட பார்ட் நம்பர் ஒன்றில் கூர்மையாக, மற்றதில் மொழுக்கென்று இருந்தது. கடைக்காரர் இரண்டையும் பார்த்துவிட்டு, "லாட்டு வேறண்ணே" என்றார். லாட்டு வேறாம்! அவருக்குத் தெரியாதா, எது போலி என்று? இத்தனை வருடமாக இதையே கையில் எடுத்து விற்கிறவருக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது தெரியாமலா இருக்கும்?

ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். டயரின் பக்கவாட்டில் எந்த வாரம், எந்த வருடம் தயாரானது என்று நாலு இலக்கத்தில் அச்சடித்திருக்கும். பாக்கெட் சாமான் எதுவானாலும் தயாரித்தவர் முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி இருக்க வேண்டும் என்று 2011ஆம் வருட எடையளவு விதிகள் சொல்கின்றன. நான் பார்க்கிற பெட்டிகளில் பாதியில் முகவரி கிடையாது, மீதியில் தேதியின் மேல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ரப்பரும் கிரீஸும் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் வயதாகிறவை. அலமாரியில் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த ஜாயிண்டைப் புதுசு என்று வாங்கி மாட்டினால் அடுத்த மழைக்காலத்துக்குள் பூட் வெடிக்கும். அடுத்தவர் பிராண்டை அச்சடித்துப் போலி விற்றால் 1999ஆம் வருட டிரேட் மார்க்ஸ் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு யாராவது பயந்து நான் பார்த்ததில்லை. ராணே மெட்ராஸ் மாதிரி பால் ஜாயிண்ட் செய்யும் கம்பெனிகள் சென்னையிலேயே இருக்கின்றன. செய்யத் தெரியாத ஊர் இல்லை நம் ஊர். அதனால்தான் ஆத்திரம் இன்னும் கூடுகிறது.

ஆன்லைனில் தேடினால் விமோசனம் உண்டா என்றால், அது வேறு கூத்து. ஒரே ஜாயிண்டுக்குக் கீழே பத்து வண்டியின் பெயர் போட்டு "பொருந்தும்" என்கிறார்கள். வீடியோக்களில் பாதி அமெரிக்க ஜீப் ராங்ளருக்கானவை. 2007 முதல் 2018 வரை வந்த ராங்ளர் ஜேகேவுக்கு முன்னால் ஒரே உருட்டு அச்சு. அதில் ஜாயிண்டை பிரஸ் வைத்து அச்சுக்குள் இறக்குவார்கள். அவர்கள் பேசுகிற சிக்கல் வேறு, நம்முடையது வேறு. நம் மாதிரி சக்கரத்தை மேலும் கீழும் கை (ஆர்ம்) பிடித்திருக்கிற சஸ்பென்ஷனில், ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ எந்தக் கையைத் தாங்குகிறதோ அந்தக் கையின் ஜாயிண்ட்தான் எடையைச் சுமக்கும். அதற்குத்தான் காசைக் கொட்ட வேண்டும். இதைச் சொல்கிற வீடியோ தேடினாலும் அகப்படவில்லை. ஆனால் டார்ஷன் பாரை முறுக்கி முன்பக்கத்தை உயர்த்து, ஸ்பேசர் போட்டு சக்கரத்தை வெளியே தள்ளு, பெரிய டயர் போடு என்று சொல்ல மட்டும் வரிசையாக ஆள் இருக்கிறது. வண்டியை உயர்த்தினால் ஜாயிண்ட் எந்நேரமும் கோணலாக நிற்கும், பூட் ஒரு பக்கமாக இழுபடும், சக்கரம் வெளியே போகப் போக நெம்புகோல் கணக்கில் பாரம் ஏறும். இதை அந்தத் தம்பிகளில் ஒருவராவது சொல்லக் கூடாதா?

எல்லாம் தாண்டி நல்ல ஜாயிண்டாகவே வாங்கிவிட்டோம் என்று வையுங்கள். அடுத்து வொர்க்‌ஷாப். சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்து ஆடுகிறது என்றவுடன் "பால் ஜாயிண்ட் போச்சுண்ணே" என்று தீர்ப்பு வந்துவிடும். பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ள, இன்னொருவர் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆட்டம் நின்றுபோனால் கோளாறு வீல் பேரிங்கில். இதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அதற்குக்கூடப் பொறுமை இல்லை. மாட்டும்போது டேப்பரைத் துடைப்பதில்லை. அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் பெட்டிக்குள்ளேயே தூங்கும். ஸ்பிளிட் பின் ஓட்டைக்கு நட்டு நேராக வரவில்லை என்றால் அடுத்த பல் வரும்வரை இறுக்க வேண்டும். நான் பார்த்தவர்கள் பாதிப்பேர் பின்பக்கமாகத் தளர்த்தித்தான் பின்னைச் சொருகுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே, நாங்க எத்தனை வண்டி பார்க்கிறோம்." கிரீஸ் கன்னை எடுத்தால் பூட் பிதுங்கி வெடிக்கிற வரை அமுக்குவது, அப்புறம் அலைன்மென்ட் பார்க்காமலே வண்டியை அனுப்பிவிடுவது. இப்படி அனுப்பினால் ஜாயிண்டோடு சேர்ந்து டயரும் காலி.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்கவே முடியாதது ஒன்று உண்டு. "புதுசு எதுக்குண்ணே, பழசையே அமுக்கி டைட் பண்ணித் தர்றேன், பாதிக் காசு" என்கிறார்களே, அது. தேய்ந்த உருண்டை தேய்ந்தபடியே இருக்கும். வெளியே கிண்ணத்தின் வாயை மட்டும் பிரஸ்ஸில் நசுக்கி, ஒரு கோட்டு பெயிண்ட் அடித்தால் ஆட்டம் கொஞ்ச நாளைக்குத் தெரியாது. அந்தக் கொஞ்ச நாள் முடிகிற இடம் எந்த வளைவு என்று அவருக்கும் தெரியாது, ஓட்டுகிறவருக்கும் தெரியாது. நாம் கழற்றிப் போட்டுவிட்டு வருகிற பழைய ஜாயிண்ட் எல்லாம் இப்படித்தான் இன்னொரு வண்டிக்குப் போகிறது.

அதனால் இப்போதெல்லாம் பெட்டியைப் பிரித்துக் காட்டாத கடையில் நான் வாங்குவதில்லை. பார்ட் நம்பரோடு பில் தராத கடையிலும் வாங்குவதில்லை. போலி என்று தெரிந்தால் தகராறோடு விடாமல் நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் அடித்துப் புகாரும் வைக்கிறேன். மெக்கானிக்குக்குக் கோபம் வந்தாலும் சரி, கழற்றிய பழைய ஜாயிண்டைக் கிரைண்டரில் தண்டை அறுத்து இரண்டாக்கிய பிறகுதான் கூலியை எண்ணிக் கொடுக்கிறேன். போடி, கம்பம், தேனிப் பக்கம் வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இதைச் செய்யுங்கள்.