ஜிக் வாசிக்க 100 எம்பிபிஎஸ் மட்டும் போதாது
100 எம்பிபிஎஸ் போன்ற வேகமான பிராட்பேண்ட் இருந்தால், ஆளுக்கொரு இடத்தில் இருந்தபடி ஜூமிலேயே ஆங்கில நாட்டுப்புற மெட்டுகளைச் சேர்ந்து வாசிக்கலாம் என்று ஒரு கட்டுரை சொல்வது நடக்காத காரியம். நிமிடத்துக்கு 120 தட்டில் ஓடும் ஜிக் என்ற துள்ளல் நடன மெட்டில் தட்டுக்கு மூன்று சுரம், அதாவது சுரத்துக்கு 167 மில்லிசெகண்ட். ஜூமின் தாமதமே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். ஒருவருக்கொருவர் காத்திருந்தே வேகம் இழுபட்டுப் போகும். இணையம் வழியே சேர்ந்து வாசிப்பதற்கென்றே உள்ள ஜாமுலஸ் மென்பொருளைப் போட்டு, வைஃபையை விட்டு ஈதர்நெட் கேபிள் செருகி, பஃபரை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டின் அளவை, 128 சாம்பிளில் வைத்தால் மொத்தத் தாமதத்தைப் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லிசெகண்டுக்குள் அடக்கலாம். லண்டன், நியூகாசில் தூரமெல்லாம் ஃபைபரில் சில மில்லிசெகண்ட்தான். புளூடூத் ஹெட்ஃபோன் மாட்டினால் அதன் தாமதத்தால் அத்தனையும் வீண். மெலோடியன், கான்செர்ட்டினா போன்ற துருத்திக் கருவிக்காரர்களுக்குக் கூடுதல் தொல்லை, கருவி மடியிலேயே முழங்கும். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனில், எல்லோர் ஒலியையும் கலக்கும் ஜாமுலஸ் சர்வரிலிருந்து திரும்பி வரும் தன் ஒலியைக் கேட்டுத்தான் வாசிக்க வேண்டும். நேரடிச் சத்தத்தைப் பின்பற்றினால் மற்றவர்களுக்கு உங்கள் வாசிப்பு எப்போதும் பிந்தியே கேட்கும்.