விசென்தே சோட்டோ: செனட்டுக்குப் போன பத்திரிகைக்காரர்

எழுத்தாளர் ஒருவர் தேர்தலில் ஜெயித்தால் நம் ஆட்கள் உடனே "அவ்வளவுதான், இனி எழுத மாட்டார்" என்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். பிலிப்பைன்ஸின் விசென்தே சோட்டோ விஷயம் நேரெதிர். செனட்டர் ஆன பிறகும் அந்த மனிதர் பத்திரிகைக்காரராகவே இருந்தார். அவருடைய பலமும் அதுதான், சறுக்கலும் அதுதான் என்பது என் கட்சி.

1877இல் அந்த நாட்டின் செபு நகரத்தில் பிறந்தவர். அவர் ஆளாகி வரும்போது நாட்டில் ஸ்பெயின் ஆட்சி போய் அமெரிக்க ஆட்சி வந்திருந்தது. 1899இல், இருபத்திரண்டு வயதில், 'லா ஹுஸ்டிசியா' என்று ஸ்பானிஷில் பத்திரிகை தொடங்குகிறார். அமெரிக்க ராணுவ நிர்வாகம் அதை நிறுத்துகிறது. சும்மா இருப்பாரா? 'எல் நாசியோனல்' என்று இன்னொன்றைத் தொடங்குகிறார். இந்த முறை கிளர்ச்சியாளர்களோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் பிடித்துக்கொண்டுபோய் சான் பெட்ரோ கோட்டையில் அடைக்கிறார்கள். வெளியே வந்ததும்? மறுபடியும் பத்திரிகைதான்.

1901 ஜூலையில் வந்த 'ஆங் சுகா'தான் என் கணக்கில் அவருடைய மிகப் பெரிய வேலை. விளக்கு என்று பொருள். செபு மக்கள் பேசும் செபுவானோ மொழியின் முதல் செய்தித்தாள். அதுவரை அந்த மொழியில் அச்சானவை பெரும்பாலும் ஜெபப் புத்தகங்களும் புனிதர் கதைகளும்தான். முதல் இதழிலேயே 'மமிங்' என்ற தன் கதையைப் போட்டார். செபுவானோவின் முதல் சிறுகதை என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அப்புறம் நாடகமும் எழுதினார். மேடையில் கிறிஸ்தவ ராஜாவும் மூர் (முஸ்லிம்) ராஜாவும் வாள் சுழற்றிக்கொண்டிருந்த காலத்தில், தாய்மண்ணின் மேலுள்ள காதலை வைத்து உள்ளூர் நாடகம் போட்டார். அவர் பெரிய கலைஞரா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு மொழிக்குச் செய்தித்தாளும் சிறுகதையும் ஒரே நாளில் ஒரே ஆளிடமிருந்து கிடைப்பது சின்ன விஷயமில்லை.

இவரைப் புனிதராக்கவும் வேண்டாம். 1907இல் செபு நகரத் தலைவராகத் தேர்வானவர், ஒரு பெண்ணைக் கடத்தியதாக வந்த வழக்கில் சிக்கி ஹாங்காங்குக்குப் போய்விட்டார். பல வருடங்கள் அங்கேதான் இருந்தார். பாராட்டிப் பேசுபவர்கள் "அரசியல் எதிரிகளால் நாடு கடந்து வாழ்ந்தார்" என்று ஒரே வரியில் இதைத் தாண்டிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எதிரிகள் இருந்தார்கள் என்பதும் உண்மை, அந்த வழக்கில் ஒரு பெண் இருந்தார் என்பதும் உண்மை.

திரும்பி வந்து 1915இல் மணிலாவில் 'தி இண்டிபெண்டெண்ட்' வாரப் பத்திரிகை. அவதூறு வழக்குகள். 1922இல் கீழவை உறுப்பினர். 1946இல், கிட்டத்தட்ட எழுபது வயதில், செனட்டர்.

அந்த வருடமே அவர் கொண்டுவந்ததுதான் குடியரசுச் சட்டம் எண் 53. இன்றும் அதற்கு சோட்டோ சட்டம் என்றுதான் பெயர். ரகசியமாகச் செய்தி கொடுத்தது யார் என்று சொல்லும்படி பத்திரிகை வெளியீட்டாளரையோ ஆசிரியரையோ நிருபரையோ கட்டாயப்படுத்த முடியாது. கோட்டைச் சிறையில் கிடந்த ஆள் எழுதிய சட்டம் என்பது தெரிகிறது, இல்லையா? ஆனால் வாலில் ஒரு விதிவிலக்கு: 'அரசின் நலன்' கோரினால் சொல்லியாக வேண்டும் என்று நீதிமன்றமோ நாடாளுமன்றமோ முடிவு செய்யலாம்.

இரண்டே வருடத்தில் அந்த வால் கடித்தது. 1948 செப்டம்பரில் 'ஸ்டார் ரிப்போர்ட்டர்' பத்திரிகையில் ஏஞ்செல் பராசோ என்ற நிருபர், வழக்கறிஞர் தகுதித் தேர்வின் வினாத்தாள் கசிந்ததாகப் புகார் என்று செய்தி போடுகிறார். அந்தத் தேர்வை நடத்துவதே உச்ச நீதிமன்றம். யார் சொன்னது என்று கேட்டதும் அதே நீதிமன்றம். பராசோ வாய் திறக்கவில்லை. 'அரசின் நலன்' என்பது நாட்டுப் பாதுகாப்பு மட்டுமில்லை, அதைவிட விரிவானது, வழக்கறிஞர் தொழிலின் நேர்மையும் அதில் அடங்கும் என்று சொல்லி, டிசம்பரில் ஒரு மாதச் சிறை விதித்தார்கள். தன் வீட்டுத் திருட்டைத் தானே விசாரித்து, திருட்டு நடந்தது என்று சொன்னவனை உள்ளே வைத்த மாதிரி.

சட்டத்தை எழுதியவருக்கு ரத்தம் கொதிக்காதா? சோட்டோ பத்திரிகைகளுக்கு அறிக்கை விட்டார். நீதிமன்றம் தப்பாகப் பொருள் கொண்டுவிட்டது என்பதோடு நிறுத்தவில்லை. பெரும்பான்மை நீதிபதிகளுக்குத் திறமையும் இல்லை, பரந்த மனமும் இல்லை என்றார். இந்த நீதிமன்றம் சுதந்திரத்துக்கே ஆபத்து, காது கேளாதவர்களுக்கும் கேட்கும்படி இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றார். அடுத்த கூட்டத்தொடரில் உச்ச நீதிமன்றத்தையே முழுதாக மாற்றியமைக்க மசோதா கொண்டுவருவேன் என்றும் அறிவித்தார்.

விளைவு, அவமதிப்பு வழக்கு. 1949 ஜனவரியில் ஆயிரம் பெசோ அபராதம், கட்டாவிட்டால் சிறை. சோட்டோ வழக்கறிஞரும்கூட; அந்த உரிமத்தை ஏன் பறிக்கக் கூடாது என்று விளக்கம் வேறு கேட்டார்கள். பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தை எழுதியவர், அந்தச் சட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் பேசியதற்காகத் தண்டனை வாங்கினார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் இங்கே கைதட்டுவார்கள். நானும் சோட்டோ பக்கம்தான். தன் பெயரில் இருக்கும் சட்டம் ஒரு நிருபரைக் காப்பாற்றாமல் போனதும் "நீதிமன்றத் தீர்ப்பு, கருத்துச் சொல்ல விரும்பவில்லை" என்று நழுவாத அரசியல்வாதியை எங்கே பார்க்க முடிகிறது? ஆனால் அந்த அறிக்கையை நிதானமாகப் படித்தால் அது ஒரு தலையங்கம். பிரமாதமான தலையங்கம், அவ்வளவுதான். இடித்தது சட்டத்தில் 'நலன்' என்ற ஒரு சொல். அவரோ நீதிமன்றத்தையே மாற்றப்போவதாகக் கிளம்பினார். தலையங்கத்தை ஆசிரியர் ஒருவரே முடிவு செய்யலாம். மசோதாவில் எல்லோரும் கை வைப்பார்கள், அதனால்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஐம்பது வருடம் அச்சகத்திலும் கோர்ட்டிலும் புழங்கியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. கோபம் முந்திக்கொண்டது.

1950 மே மாதம், பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். 1956இல் சட்டத் திருத்தம் ஒன்று சத்தமில்லாமல் வந்தது. 'அரசின் நலன்' என்ற இடத்தில் 'அரசின் பாதுகாப்பு' என்று மாற்றினார்கள். பராசோவுக்குப் பூட்டுப் போட்ட அந்த விரிவான பொருளுக்கு அப்புறம் இடமில்லை.

குடும்பக் கதை இதோடு நிற்கவில்லை. நகைச்சுவை நடிகராக நாடறிந்த பேரன் டிட்டோ சோட்டோ 2018இல் செனட் தலைவரானார். அடுத்த வருடம் தாத்தாவின் சட்டத்தை வானொலி, தொலைக்காட்சி, இணையம் வரைக்கும் நீட்டித்தார். 2012 சைபர் குற்றச் சட்டத்தில் இணைய அவதூறுப் பிரிவைச் சேர்க்கச் சொன்னவரும் இதே பேரன்தான். ஆக, இன்று மணிலாவில் ஒரு நிருபர் இணையத்தில் செய்தி போட்டு, "யார் சொன்னது?" என்று கேள்வி வந்தால் தாத்தா பெயரிலுள்ள சட்டம் குறுக்கே நிற்கும். "எழுதியது அவதூறு" என்று வந்தால் பேரன் கேட்டு வாங்கிய பிரிவு பாயும்.